ஆதிரை இட்ட பிச்சை

குறிகட்டுவான் துறையிற் படகேறி நயினாதீவுக்குச் செல்வோர், நாகபூஷணி அம்மனை வணங்கியபின் உணவருந்தும் அன்னதான மண்டபத்துக்கு ‘அமுதசுரபி’ என்று பெயர். மணிமேகலை அப்பாத்திரத்தைப் பெற்ற மணிபல்லவம் நயினாதீவே என்று அறிஞர் சிலர் கருதினர், மறுப்போரும் உளர். அந்த வழக்கில் நான் தலையிடவில்லை. பாத்திரத்தைப் பற்றியே என் பேச்சு.

அள்ள அள்ளக் குறையாதது என்று மாணவர்க்குக் கற்பிக்கிறோம். அது வெறும் பாத்திரமாகவே மணிமேகலையின் கைக்கு வந்தது என்பதை மறந்துவிடுகிறோம். முதற் பிச்சையை யாரேனும் இட்டாக வேண்டும். புகார் நகரிலே பொருள் படைத்த வணிகருக்கா பஞ்சம்? அவள் கண்ட வாயிலிலெல்லாம் ஏந்தவில்லை. கற்புடையாள் ஒருத்தியிடமே அதனைப் பெறுதல் தகும் என்று எண்ணி, காயசண்டிகை வழிகாட்ட, ஆதிரையின் மனைக்குச் சென்று நின்றாள். உலகெங்கும் பசிப்பிணி நீங்குக என்று வாழ்த்தி ஆதிரை இட்டாள். தனக்கென்று ஒன்றும் கேட்டாளில்லை. காப்பியம் கற்பு என்றதை இன்று நோக்கத்தின் தூய்மை என்றே நான் பொருள்கொள்வேன். பெண்ணை மட்டும் அளக்கும் பழைய கோல் நமக்கு வேண்டாம்.

அறப்பணிக்கு நிதி திரட்டும் நாம் அவ்வாறு ஆராய்ந்தா ஏந்துகிறோம்? 1990, 1991ஆம் ஆண்டுகளின் இடப்பெயர்வுக்குப் பின் தீவகத்தார் பலர் கனடாவிலும் பிரான்சிலும் குடியேறினர். அவர்கள் அனுப்பிய பணத்தாற் கோயில்களும் பாடசாலைகளும் மீண்டும் நிமிர்ந்தன. குளிர்நாட்டில் இரவு வேலை செய்து ஈட்டிய பணம் அது. குறைகூற நாக் கூசும். ஆயினும், ஒரு பிழைக்கு நானும் உடந்தையாயிருந்தேன்.

சில ஆண்டுகளுக்கு முன் பாடசாலைப் பிள்ளைகளுக்குக் கொப்பி வழங்கும் குழுவொன்றிற் பொருளாளராயிருந்தேன். வெளிநாட்டிலிருந்து அன்பர் ஒருவர் முழுச் செலவையும் ஏற்பதாக எழுதினார். ஒவ்வொரு பிள்ளையும் கொப்பியை ஏந்தியவண்ணம் அவருடைய பெற்றோரின் படத்துக்கு முன்னால் நிற்கும் புகைப்படம் வேண்டும் என்பது நிபந்தனை. எவரும் மறுத்துப் பேசவில்லை, நானும் பேசவில்லை. பங்குனி வெயிலிற் பிள்ளைகள் வரிசையாக நின்றனர். ஒரு சிறுமி கொப்பியை முகத்துக்கு நேரே உயர்த்திப் பிடித்தாள். அட்டை நன்றாகத் தெரியட்டும் என்று செய்கிறாள் போலும் என எண்ணி, தாழ்த்தச் சொல்லி மறுபடியும் எடுத்தோம். மறுபடியும் உயர்த்தினாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது.

அந்த அன்பரை நோவதற்கில்லை. அவர் கேட்டார், நாங்கள் இசைந்தோம். ‘இது ஆகாது’ என்று கொடுப்பவரிடம் சொல்லும் கடமை திரட்டுபவனுடையது. பணிவாக ஒரு கடிதம் எழுதியிருந்தால் அவர் ஒப்பியும் இருப்பார். பணம் போய்விடுமே என்ற அச்சம் எழுத விடவில்லை. ஏழைப் பிள்ளையின் முகம் குழுவின் உடைமையன்று. அதை விலையாக வைத்துப் பணம் பெற எங்களுக்கு உரிமை ஏது?

மறு ஆண்டு அக்கடிதத்தை எழுதினேன். விடை வரவில்லை. குறிகட்டுவான் துறையிலே படகுக்குக் காத்திருப்போரிடம் ஐம்பதும் நூறுமாகச் சேர்த்து, ஒவ்வொருவருக்கும் பற்றுச்சீட்டுக் கொடுத்தோம். பிள்ளைக்கு ஆறு கொப்பி வழங்கிய இடத்தில் மூன்றுதான் வழங்க முடிந்தது. “உங்கள் மானத்துக்கு எங்கள் பிள்ளைகளா விலை?” என்று ஒரு தாய் கேட்டார். அவருக்குத் தக்க விடை சொல்ல என்னால் இன்னும் இயலவில்லை.