தலைகளை மட்டும் எண்ணும் தரவரிசை

பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவுகள் வந்ததும் நாடெங்கும் குடும்பங்கள் கல்லூரிகளைப் பற்றி விசாரிக்கத் தொடங்குகின்றன. கட்டணம் எவ்வளவு, விடுதி உண்டா, வேலை கிடைக்குமா என்பவை எல்லோருக்கும் உள்ள கேள்விகள். தலித், பழங்குடி மாணவர்களுக்கும், வடகிழக்கு மாநிலங்களிலிருந்து பெருநகரங்களுக்கு வருவோருக்கும் மேலும் ஒரு கேள்வி உண்டு: அந்த வளாகத்தில் தன்மானத்தோடு படிக்க முடியுமா?

ஒன்றிய அரசு 2016 முதல் வெளியிட்டுவரும் தேசியத் தரவரிசையில் இதற்கு விடை இல்லை. அதில் 'அனைவரையும் உள்ளடக்குதல்' என்ற அளவுகோலுக்கு நூற்றுக்குப் பத்து மட்டுமே. பிற மாநிலத்தவர், பெண்கள், பின்தங்கியோர் எத்தனை பேர், மாற்றுத்திறனாளிகளுக்கு என்ன வசதி என்பவையே அங்கு கணக்கிடப்படுகின்றன. சேர்ந்தவர்கள் எவ்வாறு நடத்தப்படுகிறார்கள் என்பது கணக்கில் வருவதில்லை.

சேர்க்கை வேறு, சமத்துவம் வேறு. 2016இல் ஐதராபாத் மத்தியப் பல்கலைக்கழகத்தில் ரோகித் வெமுலாவையும், 2019இல் மும்பையில் மருத்துவர் பாயல் தட்வியையும் இழந்தோம். 2014இல் அருணாசல மாணவர் நிடோ தானியா தலைநகர் தில்லியில் தாக்கப்பட்டு உயிரிழந்தார். அதையொட்டி அமைந்த பேஸ்பரூவா குழு, இனவெறி இழிசொற்களைத் தண்டனைக்குரிய குற்றமாக்கப் பரிந்துரைத்தது. பரிந்துரை ஏட்டளவில் நிற்கிறது.

விதிகளே இல்லாமலில்லை. கல்லூரிதோறும் சமவாய்ப்புப் பிரிவும் பாகுபாட்டுத் தடுப்பு அலுவலரும் வேண்டும் எனப் பல்கலைக்கழக மானியக் குழு 2012லேயே விதித்தது. அதை நடைமுறைப்படுத்தக் கோரி ரோகித், பாயல் ஆகியோரின் தாயார்கள் 2019இல் உச்ச நீதிமன்றத்தின் கதவைத் தட்ட நேர்ந்தது.

'நல்ல கல்லூரியாகப் பார்த்துச் சேர்ந்துகொள்' என்பது சந்தை சொல்லும் அறிவுரை. கிடைத்த இடத்தில் சேர்வதைத் தவிர வேறு வழியற்ற ஏழை மாணவருக்கு அதனால் பயன் இல்லை. பெறப்பட்ட புகார்கள், எடுக்கப்பட்ட நடவடிக்கைகள், இடையில் படிப்பை விட்டவர்கள், நிரப்பப்படாத இடஒதுக்கீட்டு ஆசிரியர் பணியிடங்கள் ஆகியவற்றை ஒவ்வொரு கல்லூரியும் ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். புகாரே இல்லை என்று பெருமை பேசும் கல்லூரியில், புகார் சொல்ல அஞ்சும் மாணவர்கள் இருக்கக்கூடும். ஆகவே விசாரணைக் குழுக்களில் மாணவர் பிரதிநிதிகளும் ஒடுக்கப்பட்ட பிரிவு ஆசிரியர்களும் இடம்பெறுவது அவசியம்.

மாணவர் அமைப்புகள் சேர்க்கை உதவி மையங்களிலேயே இக்கேள்விகளை எழுப்பட்டும். ரோகித் பெயரால் கோரப்படும் பாகுபாட்டு எதிர்ப்புச் சட்டத்தை நாடாளுமன்றம் இயற்றும்வரை போராட்டம் ஓயக்கூடாது. எந்த வளாகத்தில் சேர்ந்தாலும் சமமாக நடத்தப்படுவது மாணவரின் உரிமை. அதை உறுதிசெய்வது அரசின் கடமை.