கற்பனைக்குப் பகையா சரித்திரம்?

சரித்திரம் படித்தால் கற்பனை காய்ந்துபோகும், நாதஸ்வர வித்வான் காருகுறிச்சி அருணாசலம் எந்தப் புத்தகத்தைப் படித்தார் என்று இளம் வித்வான்கள் சிலர் கேட்கிறார்கள். கோவில்பட்டியில் வாழ்ந்த அருணாசலத்தை இதற்குச் சாட்சியாக இழுப்பது அநியாயம். நாதஸ்வர மேதை ராஜரத்தினம் பிள்ளைக்குச் சீடராகி, அவர் பக்கத்திலேயே உட்கார்ந்து ஊதிப் பழகியவர் அவர். பல தலைமுறைச் சங்கதிகள் காதுவழியே அவருக்குள் இறங்கின. அந்தக் குருகுலம் நமக்கு இல்லை. புத்தகத்தையும் தள்ளிவிட்டால் என்ன மிஞ்சும்?

'கொஞ்சும் சலங்கை' படத்தில் (1962) அவர் நாதஸ்வரம் பொழிந்த ஆபேரி ராகத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். அதில் ஒலிப்பது சதுச்ருதி தைவதம். எட்டயபுரத்தில் 1904-இல் அச்சான சுப்பராம தீட்சிதரின் 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி'யிலோ ஆபேரிக்குச் சுத்த தைவதம். முத்துசுவாமி தீட்சிதரின் 'வீணாபேரி' கீர்த்தனை அந்தப் பழைய வடிவம்தான். ஒரே ஒரு ஸ்வரம் கீழே இறங்குகிறது. நிஷாதத்திலிருந்து பஞ்சமத்துக்கு வரும் வழியே மாறி, ராகம் வேறு முகம் காட்டுகிறது. இது தெரிந்தவர் கையில் இரண்டு ஆபேரி. தெரியாதவர் கையில் இருப்பது நேற்றுக் கேட்ட ஒலிப்பதிவின் நகல். இவர்களில் யாருடைய கற்பனை காய்ந்திருக்கிறது?

முத்துசுவாமி தீட்சிதர் 1835-இல் மறைந்ததும் அதே எட்டயபுரத்தில்தான், கோவில்பட்டிக்குக் கிழக்கே, பஸ் ஏறினால் பக்கம். சமாதியைக் கும்பிட்டதோடு திரும்பிவிடாதீர்கள். பிரதர்சினியின் தமிழ்ப் பதிப்பைத் தேடி எடுத்து, ஆபேரியிலிருந்து பாடிப் பாருங்கள்.