வேலிச் சண்டையும் வீட்டு அடியும்

களுதாவளையில் வெற்றிலைத் தோட்டத்து வேலியை அயலவர் வெட்டிவிட்டார், வாய்த்தர்க்கம் முற்றிக் கைகலப்பானது என்று வைத்துக்கொள்வோம். களுவாஞ்சிக்குடி நீதிமன்றத்துக்குத் தவணை தவணையாய் அலைய வேண்டியதில்லை. 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டம் உருவாக்கிய மத்தியஸ்த சபை இருக்கிறது. சிறு காயம், அத்துமீறல், சொத்துச் சேதம், மிரட்டல் போன்ற குற்றங்கள் அங்கே பேசித் தீர்க்கப்படுகின்றன. இரு தரப்பும் ஆளுக்கொரு மத்தியஸ்தரைத் தெரிவு செய்வார்கள். அந்த இருவரும் மூன்றாமவரைச் சேர்ப்பார்கள். சட்டத்தரணிக்கு அங்கே வேலையில்லை. தீர்ப்புச் சொல்லும் அதிகாரமும் சபைக்கு இல்லை: இணங்கினால் இணக்கச் சான்றிதழ், இணங்காவிட்டால் இணங்காச் சான்றிதழ்.

நாளைக்கும் முகம் பார்க்க வேண்டிய அயலவருக்கு இது நல்ல வழிதான்.

ஆனால் மனைவியை அடித்தவனும் சட்டத்தின் கண்ணில் 'சிறு காயம்' விளைவித்தவனே; அதனால் அந்த விவகாரமும் சபைக்கு வரலாம். வேலிக்காரர் இருவரும் சமபலத்தோடு வருகிறார்கள். அவளோ சமரசம் முடிந்ததும் அதே வீட்டுக்குத்தான் திரும்புகிறாள். பிள்ளைகளைக் காட்டி, ஊர்ப் பேச்சைக் காட்டி வாங்கும் சம்மதம் சம்மதமா? பாதுகாப்புக் கட்டளை பெற 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது. பொலிஸ் நிலையம் முதலில் அவளுக்குச் சொல்ல வேண்டியது அந்த வழியைத்தான்.