தேவாங்கைக் காக்க திண்டுக்கல் மாணவர்கள் காட்டுக்குள் போகணுமா?

கொஞ்சம் ஒல்லியாக, கண் மட்டும் பெரிதாக ஒரு பையன் இருந்தால் போதும், ‘தேவாங்கு மாதிரி இருக்கான்’ என்று கிண்டல் செய்துவிடுவோம். ஆனால், நிஜத் தேவாங்கைப் பார்த்தவர்கள் எத்தனை பேர்? திண்டுக்கல்காரர்களுக்கு அந்த வாய்ப்பு கொஞ்சம் அதிகம். இந்தியாவின் முதல் தேவாங்கு சரணாலயம் இருப்பது இங்கேதான்.

அமெரிக்காவில் 15 முதல் 18 வயது வரையிலானவர்கள் கோடை விடுமுறையில் தேசியப் பூங்காக்களில் சம்பளத்துக்கு வேலை செய்யும் திட்டம் 1970-ல் தொடங்கியது. காட்டுப் பாதையைச் சீரமைப்பது, வேலி போடுவது என எல்லாமே நேரடி வேலைதான். வேடசந்தூரில் பிளஸ் ஒன் படிக்கும் ஒரு மாணவிக்கும் அப்படி ஆசை வந்தால் என்ன வழி?

சரணாலயம் எங்கே?

2022 அக்டோபரில் தமிழக அரசு கடவூர் தேவாங்கு சரணாலயத்தை அறிவித்தது. பரப்பு 11,806 ஹெக்டேர். கரூர் மாவட்டத்தின் கடவூர் வட்டத்திலும், திண்டுக்கல் மாவட்டத்தின் வேடசந்தூர், திண்டுக்கல் கிழக்கு, நத்தம் வட்டங்களிலும் இது பரவியிருக்கிறது.

தேவாங்கு சுமார் கால் கிலோ எடையுள்ள, இரவில் மட்டும் நடமாடும் விலங்கு. பூச்சிகளைத் தின்பதால் விவசாயிகளுக்கு நண்பன். ஆனால், குரங்கைப் போலத் தாவத் தெரியாது. கிளையைப் பிடித்து மெதுவாகத்தான் நகரும். மரங்களின் கிளைகள் ஒன்றையொன்று தொடாத இடத்தில் தரையில் இறங்கியே ஆகணும். அந்த இடம் சாலையாக இருந்தால் உயிருக்கே ஆபத்து.

மாணவர்கள் உள்ளே போகலாமா?

நினைத்தபோது போக முடியாது. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972-ன் 27-வது பிரிவு சரணாலயத்துக்குள் நுழைவதைக் கட்டுப்படுத்துகிறது. அங்கு வசிக்க அனுமதி பெற்றவர்கள், நிலம் வைத்திருப்பவர்கள், பொதுச்சாலையில் கடந்து போகிறவர்கள் போன்ற சிலருக்கு மட்டுமே விலக்கு. மற்றவர்கள் 28-வது பிரிவின்படி தலைமை வன உயிரினக் காப்பாளரின் அனுமதி வாங்க வேண்டும். ஆய்வு, படிப்பு, புகைப்படம், சுற்றுலா ஆகியவற்றுக்கு இந்த அனுமதி கிடைக்கும். ஆக, கதவு பூட்டித்தான் இருக்கிறது. ஆனால் சாவி இருக்கிறது.

சென்னையில் எப்படி நடக்குது?

சென்னையின் மாணவர் கடல் ஆமைப் பாதுகாப்பு அமைப்பு இதற்கு நல்ல உதாரணம். 1988 முதல் அதன் தன்னார்வலர்கள் முட்டையிடும் பருவத்தில் இரவெல்லாம் கடற்கரையில் நடக்கிறார்கள். வனத்துறை அனுமதியோடு பங்குனி ஆமைகளின் முட்டைகளை எடுத்துப் பொரிப்பகத்தில் வைத்து, குஞ்சுகளைக் கடலில் விடுகிறார்கள். தேவாங்கைப் போலவே பங்குனி ஆமையும் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ள உயிரினம்தான். அனுமதியும், கூடவே வரும் பெரியவர்களும், வருஷம் தவறாத தொடர்ச்சியும் சேர்ந்ததால் இது 30 ஆண்டுகளைத் தாண்டியும் நடக்கிறது.

அதை அப்படியே இங்கே செய்யலாமா?

முடியாது. ஆமை முட்டையைக் கையில் எடுத்தால்தான் காப்பாற்ற முடியும். தேவாங்கையோ தொடாமல் விட்டால்தான் காப்பாற்ற முடியும். பிடிப்பதும் வேட்டைக் குற்றம்தான். 3 முதல் 7 ஆண்டு வரை சிறைத்தண்டனை. முகத்தில் டார்ச் அடித்து ரீல்ஸ் எடுப்பது அதற்குத் தொல்லை. இடத்தை டேக் செய்வது பிடிக்க வருபவர்களுக்கு வழி சொல்வது மாதிரி.

அப்போ என்னதான் செய்யலாம்?

பெரும்பாலான வேலை காட்டுக்கு வெளியேதான் இருக்கிறது. தேவாங்குக்குச் சரணாலய எல்லைக்கோடு தெரியாது. தோட்டத்து உயிர்வேலியிலும், ஊரோரப் புதர்க்காட்டிலும்கூட அது வாழும்.

* வேலி: கம்பிவேலி வந்ததும் உயிர்வேலிகள் காணாமல் போகின்றன. பள்ளியில் கிளுவை, வேல மரக் கன்றுகள் வளர்த்து, விருப்பமுள்ள விவசாயிகளின் வரப்பில் நட்டு, கிளைகள் சேரும்வரை கவனிக்கலாம்.

* சாலை: அய்யலூர், வேடசந்தூர் சுற்றுவட்டார ஊர்ச்சாலைகளில் அடிபட்டுக் கிடக்கும் உயிரினங்களை, ஆசிரியர் துணையோடு பகலில் குறித்து வனத்துறைக்குத் தரலாம். எந்த இடத்தில் மரக்கிளைகள் இணைய வேண்டும் என்பது அதிலிருந்து தெரியவரும்.

* வீடு: தேவாங்கைப் பார்த்தால் கெட்ட சகுனம் என்ற நம்பிக்கையும், நாட்டு மருந்துக்குப் பிடிக்கும் பழக்கமும் அதன் எண்ணிக்கையைக் குறைத்தன. தாத்தா பாட்டியிடம் பேச, வெளியூர் ஆர்வலரைவிட பேத்தியே பொருத்தமானவள்.

சிக்கல் எங்கே?

பள்ளிகளில் சுற்றுச்சூழல் மன்றங்கள் புதிதல்ல. 2001-02-ல் தொடங்கிய தேசிய பசுமைப் படை இருக்கிறது. ஆனால் பேரணி, ஓவியப் போட்டி, சான்றிதழ் என ஒரே நாளில் முடிந்துபோகும் நிகழ்ச்சியால் தேவாங்குக்குப் பயனில்லை. பொதுத்தேர்வு நெருங்கினால் மூத்த மாணவர்கள் வர முடியாது. அந்த இடைவெளியை அடுத்த வகுப்பு நிரப்ப வேண்டும்.

அதற்குப் பெரிய நிதி தேவையில்லை. மாதம் ஒரு சனிக்கிழமை, பொறுப்பான ஓர் ஆசிரியர், உள்ளூர்க் காட்டை அறிந்த ஒரு வனப் பணியாளர், கைமாறிக்கொண்டே போகும் ஒரு பதிவேடு. இவை இருந்தால் ஒன்பதாம் வகுப்பில் நட்ட கிளுவையை, பிளஸ் டூ முடிக்கும்போது வேலியாகவே பார்க்கலாம்.