முகாம் நடத்துவோருக்கு எழுதப்பட்ட கடமை வேண்டும்

ஸ்ரீவில்லிபுத்தூருக்கு மேற்கே, மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் அமைந்த செண்பகத்தோப்பு, 1988இல் அறிவிக்கப்பட்ட சாம்பல் நிற அணில் சரணாலயத்துக்குள் நுழையும் வழிகளுள் ஒன்றாகும். 2021இல் ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகம் உருவானபின் இப்பகுதிக்குரிய கவனமும் கட்டுப்பாடும் கூடியுள்ளன. 2024 அக்டோபரில் தமிழக அரசு தொடங்கிய மலையேற்றத் திட்டத்தின் 40 பாதைகளுள் செண்பகத்தோப்பிலிருந்து புதுப்பட்டி செல்லும் பாதையும் ஒன்று என்பதால், ராஜபாளையம் வட்டாரப் பள்ளி மாணவர்கள் மட்டுமன்றி வெளிமாவட்ட இளையோரும் இங்கு வருவது இனிப் பெருகும். வகுப்பறைச் சுவர்களுக்கு வெளியே ஓடையையும் மரத்தையும் விலங்கின் தடத்தையும் நேரில் கண்டு கற்கும் வாய்ப்பு ஒவ்வொரு பிள்ளைக்கும் கிடைக்க வேண்டும் என்பதில் ஐயமில்லை. அதே வேளையில், எழுதப்பட்ட காப்புக் கொள்கை ஒன்றைக் கையில் வைத்திராத எந்த அமைப்புக்கும் 18 வயதுக்குட்பட்டோரை மலையேற்றத்துக்கோ இரவுத் தங்கலுக்கோ அழைத்துச் செல்லும் உரிமையை அரசு வழங்கக் கூடாது. அந்தக் கொள்கை பிள்ளைகளையும் அவர்களுடன் செல்லும் பணியாளர்களையும் ஒருசேரக் காப்பதாக இருக்க வேண்டும்.

காப்புக் கொள்கை என்பது, பிள்ளைகளோடு பழகும் பெரியவர்கள் யார், அவர்களின் பின்புலத்தை யார் சரிபார்த்தார், எத்தனை பிள்ளைகளுக்கு எத்தனை பெரியவர்கள், இரவில் யார் எங்கே தங்குவர், தவறு நேர்ந்தால் யாரிடம் சொல்வது, சொன்னவருக்கு என்ன பாதுகாப்பு ஆகியவற்றை முகாம் தொடங்கும் முன்பே தெளிவாக வரையறுத்து, அனைவரும் படித்துக் கையொப்பமிடும் ஆவணமாகும். இவற்றை முகாம் நாளன்று அவரவர் நல்லெண்ணத்துக்கு விட்டுவிட்டால் என்ன நேரும் என்பதைத் தமிழகம் ஏற்கெனவே கண்டுவிட்டது.

2024 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் பர்கூர் அருகே ஒரு தனியார் பள்ளியில் தேசிய மாணவர் படை முகாம் என்ற பெயரில் நடந்த பயிற்சியின்போது ஒரு சிறுமி பாலியல் வன்கொடுமைக்கு ஆளானதும், மேலும் பல சிறுமிகள் அத்துமீறலுக்கு உள்ளானதும் வெளிவந்தன. அப்பள்ளியில் தேசிய மாணவர் படைப் பிரிவே இல்லை என்பதும், பயிற்றுநராக வந்தவருக்கும் அப்படைக்கும் தொடர்பில்லை என்பதும் பின்னர் தெரியவந்தன. 17 சிறுமிகள் பள்ளி அரங்கின் மேல்தளத்தில் தங்கவைக்கப்பட்டிருந்தனர். அவர்களைக் கண்காணிக்க ஓர் ஆசிரியர்கூட நியமிக்கப்படவில்லை. பயிற்சியளிக்க வந்தோரின் பின்புலம் விசாரிக்கப்படவில்லை. பாதிக்கப்பட்டோர் பள்ளி நிர்வாகத்திடம் முறையிட்டபோதும் காவல்துறைக்குத் தகவல் செல்லவில்லை என்று விசாரணை அதிகாரிகள் தெரிவித்தனர். பள்ளி முதல்வரும் தாளாளரும் கைது செய்யப்பட்டனர். சீருடையைக் கண்டதும் கேள்வி கேட்பதை நிறுத்தியது, இரவில் பொறுப்பாளர் இல்லாமல் விட்டது, புகார் வந்ததும் பள்ளியின் பெயரைக் காக்க முனைந்தது ஆகிய மூன்றும் ஒரு தனிமனிதரின் குற்றத்துக்கு வழி திறந்துவைத்த நிறுவனத் தவறுகளாகும். இம்மூன்றையும் ஓர் எழுதப்பட்ட கொள்கை முன்கூட்டியே தடுத்திருக்க முடியும்.

இதற்கான சட்டம் இல்லை என்று எவரும் சொல்ல இயலாது. பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைப் பாதுகாக்கும் 2012ஆம் ஆண்டுச் சட்டம், அதாவது போக்சோ சட்டம், குற்றம் நிகழ்ந்ததை அறிந்தவர் எவராயினும் காவல்துறைக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 19ஆம் பிரிவில் கட்டாயமாக்கியுள்ளது. தனக்குக் கீழ்ப் பணியாற்றுபவர் செய்த குற்றத்தை மறைக்கும் நிறுவனத் தலைவருக்கு 21ஆம் பிரிவின்படி ஓராண்டு வரை சிறைத் தண்டனை விதிக்கலாம். 2020ஆம் ஆண்டின் போக்சோ விதிகள் இன்னும் ஒரு படி மேலே சென்று, பள்ளிகள், விளையாட்டுப் பயிற்சியகங்கள் உள்ளிட்டுப் பிள்ளைகளோடு தொடர்ந்து தொடர்புகொள்ளும் நிறுவனங்கள் தம் நிரந்தர, ஒப்பந்தப் பணியாளர் அனைவரையும் குறித்த கால இடைவெளிகளில் காவல்துறை மூலம் சரிபார்க்க வேண்டும் என்றும், மாநில அரசு ஒரு குழந்தைப் பாதுகாப்புக் கொள்கையை வகுத்து, பிள்ளைகளோடு பணியாற்றும் அனைத்து அமைப்புகளும் அதை ஏற்கச் செய்ய வேண்டும் என்றும் கூறுகின்றன. பள்ளி வளாகத்துக்குள் ஓரளவு நடைமுறைக்கு வந்துள்ள இக்கடமை, பிள்ளைகள் பேருந்தில் ஏறி மலையடிவாரத்தில் இறங்கியவுடன் யாருடையது என்று தெரியாததாகிவிடுகிறது. அழைத்து வந்த பள்ளி முகாம் அமைப்பாளரையும், அமைப்பாளர் வழிகாட்டியையும், வழிகாட்டி வனத்துறையையும் கைகாட்டும் நிலையில், வன அனுமதி மட்டுமே பாதுகாப்புச் சான்றாகக் கருதப்படுகிறது. காட்டையும் தீயையும் கருதித் தரப்படும் அனுமதி, பிள்ளைகளுடன் வரும் பெரியவர்களைப் பற்றிய உத்தரவாதம் ஆகாது.

பணியாளரின் பாதுகாப்பு இதிலிருந்து தனித்த பொருள் அன்று. 1992இல் ராஜஸ்தானின் பட்டேரி கிராமத்தில், அரசின் மகளிர் மேம்பாட்டுத் திட்டத்தில் களப்பணியாளராக இருந்த பன்வாரி தேவி, ஒரு குழந்தைத் திருமணத்தைத் தடுக்க முயன்றதற்குப் பழிவாங்கப்பட்டுக் கூட்டு வன்கொடுமைக்கு உள்ளானார். அவருக்கு நேர்ந்ததை முன்னிட்டுத் தொடுக்கப்பட்ட வழக்கில்தான் 1997இல் உச்ச நீதிமன்றம் விசாகா நெறிமுறைகளை வகுத்தது; அவற்றின் வழியே 2013இல் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் வந்தது. ஒரு சிறுமியைக் காக்கச் சென்ற பணியாளரைக் காக்க எந்த ஏற்பாடும் இல்லாதிருந்ததே இச்சட்டத்தின் பிறப்புக்குக் காரணம். இச்சட்டத்தின்படி ஊதியமின்றித் தொண்டாற்றும் தன்னார்வலரும் பணியாளரே. பணி நிமித்தம் செல்லும் இடமும், அங்குச் செல்ல நிறுவனம் தரும் வாகனமும் பணியிடமே. ஆகவே, செண்பகத்தோப்புக்கு மாணவியருடன் வரும் ஓர் இளம் ஆசிரியைக்கும், கல்லூரி முடித்த கையோடு முகாம் உதவியாளராகச் சேர்ந்த பெண்ணுக்கும் இச்சட்டம் முழுமையாகப் பொருந்தும். பத்துப் பேருக்குக் குறையாமல் பணிபுரியும் அமைப்பு உள்ளகக் குழு அமைக்க வேண்டும். அதற்கும் சிறிய அமைப்பில் இருப்போர் மாவட்ட அளவிலான குழுவை அணுகலாம். இந்தச் செய்தியை முதல் நாளிலேயே அவர்களுக்குச் சொல்லும் அமைப்புகளே தேவை. தனக்கு நேரும் தீங்கையே வெளியில் சொல்ல அஞ்சும் பணியாளர், ஒரு பிள்ளைக்கு நேரும் தீங்கை மேலதிகாரிக்கு எதிராக எடுத்துச் சொல்வார் என்று எதிர்பார்ப்பது நியாயமன்று.

இயற்கையால் வரும் ஆபத்துக்கும் இதே தர்க்கம் பொருந்தும். ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் மலையுச்சியில் மழை கொட்டும்போது அடிவாரத்தில் வெயில் அடிப்பதுண்டு. முழங்காலளவு ஓடிய ஓடை சிறிது நேரத்தில் கடக்க முடியாததாகிவிடும். நீரின் நிறம் கலங்குவதையும், சருகும் குச்சியும் மிதந்து வருவதையும் முதலில் கவனிப்பவர் பெரும்பாலும் உடன் வரும் உள்ளூர் வழிகாட்டியாகவே இருப்பார். அவர் திரும்பச் சொல்லும் அந்நேரத்தில், பேருந்துக்குப் பணம் கட்டிய அமைப்பாளரின் சொல் வெல்லுமா, நாள்கூலிக்கு வந்த வழிகாட்டியின் சொல் வெல்லுமா என்பதில் பிள்ளைகளின் உயிர் தங்கியுள்ளது. 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீயில் சிக்கிய மலையேற்றக் குழுக்களில் 20க்கும் மேற்பட்டோர் உயிரிழந்த பிறகே, மலையேற்றத்தை ஒழுங்குபடுத்தும் விதிகளைத் தமிழகம் வகுத்தது. இங்கிலாந்தில் 1993 மார்ச்சில் லைம் விரிகுடாவில் படகுப் பயிற்சிக்குச் சென்ற நான்கு பள்ளிப் பிள்ளைகள் இறந்தனர். அதற்கு முந்தைய ஆண்டே அப்பயிற்சி மையத்தின் பணியாளர் இருவர், அங்குள்ள பாதுகாப்புக் குறைகளை எழுத்துவழி எச்சரித்துவிட்டு வேலையை விட்டு விலகியிருந்தனர். அக்கடிதம் பொருட்படுத்தப்படவில்லை. நிறுவனமும் அதன் நிர்வாக இயக்குநரும் தண்டிக்கப்பட்டனர். 1995இல் சட்டம் இயற்றப்பட்டு, இளையோருக்கான சாகசப் பயிற்சி மையங்கள் உரிமம் பெறுவது கட்டாயமாயிற்று. அந்த உரிம முறை நான்கு உயிர்கள் போனபின் வந்தது. தமிழகம் முகாமில் பிள்ளைகளின் உயிர் போகும் முன்பே அதை ஏற்படுத்திக்கொள்ள முடியும்.

செண்பகத்தோப்பில் மறக்கப்படும் இன்னொரு தரப்பும் உண்டு. இங்கு வாழும் பளியர் பழங்குடியினரின் பிள்ளைகள், முகாமுக்கு வருவோரின் பார்வையில் காட்சிப்பொருளாகிவிடக் கூடாது. பெற்றோரின் ஒப்புதலின்றி அவர்களைப் படமெடுத்துப் பரப்புவது, தின்பண்டமும் பணமும் கொடுத்து ஆடப் பாடச் சொல்வது, குடியிருப்புக்குள் தனித்தனியே நுழைவது ஆகியவை வெளிப்படையாகத் தடை செய்யப்பட வேண்டும். காப்புக் கொள்கை முகாமுக்கு வரும் பிள்ளைகளுக்கு எந்த மதிப்பைத் தருகிறதோ, அதே மதிப்பை முகாம் நடக்கும் ஊரின் பிள்ளைகளுக்கும் தர வேண்டும்.

இத்தகைய கட்டுப்பாடுகள் சிறிய அமைப்புகளை முடக்கிவிடும் என்றும், தொண்டுள்ளத்தோடு வருவோரைச் சந்தேகத்துக்கு உள்ளாக்கும் என்றும் ஒரு வாதம் முன்வைக்கப்படுகிறது. சில தாள்களில் அடங்கும் கொள்கையும் காவல்துறைச் சரிபார்ப்பும் எந்தச் சிறிய அமைப்பின் சக்தியையும் மீறியவை அல்ல. எந்தப் பெரியவரும் எந்தப் பிள்ளையோடும் மூடிய அறையில் தனித்திருக்கலாகாது, எப்போதும் பெரியவர் இருவராவது உடனிருக்க வேண்டும் என்ற விதி, பிள்ளையைக் காப்பதோடு நேர்மையான பணியாளரை வீண் பழியிலிருந்தும் காக்கிறது. அமெரிக்கச் சாரணர் அமைப்பு, பல்லாண்டுகளாக நடந்த பாலியல் கொடுமைகள் தொடர்பான வழக்குகளால் 2020இல் திவால் நடவடிக்கைக்குச் செல்ல நேர்ந்தது; அந்நடவடிக்கையில் 80,000க்கும் மேற்பட்டோர் இழப்பீடு கோரினர். நல்ல நோக்கத்துக்காகத் தொடங்கப்பட்ட இயக்கமும் புகார்களைப் புறந்தள்ளினால் அழிவின் விளிம்புக்குச் செல்லும். மறுபுறம், ஒவ்வொரு விபத்துக்குப் பின்னும் முகாம்களையே தடை செய்யும் வழக்கம் பொறுப்பைத் தட்டிக்கழிப்பதாகும். வசதி படைத்தோரின் பிள்ளைகள் வேறு வழியில் காட்டைக் காண்பர், அரசுப் பள்ளிப் பிள்ளைகளே வாய்ப்பை இழப்பர்.

விருதுநகர் மாவட்ட நிர்வாகம் இதில் மாநிலத்துக்கு முன்னோடியாக இருக்க முடியும். மாவட்ட ஆட்சியர், புலிகள் காப்பக நிர்வாகம், முதன்மைக் கல்வி அலுவலர், மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு ஆகியோர் இணைந்து ஒரே படிவத்தை உருவாக்கி, உடன் வரும் பெரியவர்களின் பெயர், சரிபார்ப்பு விவரம், தங்குமிட ஏற்பாடு, பெற்றோர் ஒப்புதல், அருகிலுள்ள மருத்துவமனை ஆகியவற்றை அதில் பதிவுசெய்யாத முகாமுக்கு அனுமதி மறுக்க வேண்டும். வழிகாட்டி நிறுத்தச் சொன்னால் பயணம் நின்றே தீர வேண்டும் என்றும், அதற்காக அவருடைய கூலி குறைக்கப்படலாகாது என்றும், பளியர் வழிகாட்டிகள் உட்பட அனைவருக்கும் விபத்துக் காப்பீடு உண்டு என்றும் அனுமதியிலேயே எழுதப்பட வேண்டும். குழந்தைகள் உதவி எண் 1098, மாணவர் உதவி எண் 14417 ஆகியவை முகாமின் முதல் மாலையில் பிள்ளைகளுக்கு எடுத்துச் சொல்லப்பட வேண்டும். நல்லெண்ணத்தோடு தகவல் தருபவர்மீது வழக்குத் தொடர முடியாது என்று போக்சோ சட்டம் அளிக்கும் பாதுகாப்பைப் பணியாளர் ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டும்.

மாநில அரசோ, இளையோர் முகாம் நடத்தும் அனைத்து அமைப்புகளையும் பதிவு செய்யும் சட்டத்தை இயற்றி, 2020ஆம் ஆண்டு விதிகள் விதித்த கடமையைப் பள்ளி வளாகத்துக்கு வெளியேயும் நிறைவேற்ற வேண்டும். பிள்ளையை அனுப்பும் பெற்றோரும் தயங்காமல் அந்தக் கொள்கையைக் கேட்டு வாங்கிப் படிக்க வேண்டும். அதைக் காட்ட மறுக்கும் முகாமுக்குப் பிள்ளையை அனுப்பாதிருப்பதே பொறுப்பான முடிவாகும்.