பீரங்கிப் படகும் பெட்டியில் வந்த பலகைகளும்

சென்ற டிசம்பர் விடுமுறைக்குச் சில நாட்களுக்கு முன்னர் எமது விடுதி அறைக்கு ஒரு நீண்ட பெட்டி வந்து சேர்ந்தது. அறையிலுள்ளார் மூவருள் ஒருவருடைய சிற்றப்பா கப்பலிற் பணிபுரிபவர்; அயல்நாட்டினின்றும் அவர் வாங்கி அனுப்பியது அது. திறந்தபோது, மெல்லிய மரத்தகடுகளும், நூற்சுருள்களும், விரலளவான பீரங்கிகளும், விரித்தால் கட்டிலை மூடும் வரைபடங்களும், ஆங்கிலத்தில் அச்சிட்ட விளக்க நூலொன்றும் அதனுள் இருந்தன. 1776-ஆம் ஆண்டில், இங்கிலாந்தை எதிர்த்தெழுந்த அமெரிக்கக் குடியேற்ற நாட்டார் கட்டிய 'பிலதெல்பியா' என்னும் பீரங்கிப் படகை இருபத்துநான்கில் ஒரு பங்கு அளவிற் கட்டுதற்கு உரியன அவை. அப்படகை யாம் கட்டி முடிக்க நான்கு திங்கள் சென்றன. அம்முயற்சியைக் குறித்து உணவுக் கூடத்திலும் வகுப்பறை வாயிலிலும் எழுந்த பேச்சுக்கள் பலவாதலின், எமது கருத்தையும் இம்மலர் வாயிலாகச் சொல்லி வைக்க விரும்புகின்றோம்.

'வெட்டி வைத்ததை ஒட்டி வைப்பதற்கு அறிவு எதற்கு? இது சிறுவர் விளையாட்டு' என்றார் ஒரு நண்பர். பௌதிக வகுப்பைச் சேர்ந்த அவர் சொற்கு விடுதியில் மதிப்பு மிகுதி. அவருக்கு விடையாக வரலாற்றினின்றும் ஒன்று காட்டுவோம். அப்போரில் இப்படகை எதிர்த்து வந்த ஆங்கிலேயரின் கலங்களே பெட்டியில் வந்தவை போல்வனவாம். போர் நிகழ்ந்த இடம் சாம்ப்ளேன் ஏரி. கடலிலிருந்து அவ்வேரிக்குச் செல்லும் ரிஷலியூ ஆற்றில் ஷாம்ப்ளி என்னுமிடத்தில் நீர் பாறைகளின்மேற் பாய்ந்து செல்லுமாதலின், பெருங்கலம் எதுவும் ஏறிச்செல்ல இயலாது. ஆகவே ஆங்கிலேயர் பீரங்கிப் படகுகள் சிலவற்றை இங்கிலாந்திலேயே உறுப்புறுப்பாக அறுத்துக் கொணர்ந்து, ஆற்றின் மேற்பகுதியில் செயின்ட் ஜான்ஸ் என்னுமிடத்தில் பூட்டினர். 180 டன் எடையுள்ள 'இன்ப்ளெக்சிபிள்' என்னும் கப்பலையோ, கியூபெக்கில் பிரித்துக் கொண்டுசென்று அங்கே 28 நாட்களில் மீண்டும் கட்டி முடித்தனர். பிற்காலத்தில், 1913-இல், ஜெர்மானியர் தாங்கனிக்கா ஏரிக்கென ஒரு கப்பலைக் கட்டிப் பிரித்து, ஐயாயிரம் பெட்டிகளில் அடைத்து ஆப்பிரிக்காவுக்கு அனுப்பினர். ஏரிக்கரையில் அதனைப் பூட்டினோர் உளர். அவர்கள் செய்ததும் சிறுவர் விளையாட்டென நம் நண்பர் கூறுவாரேல், யாம் வாதாடுவதை விட்டுவிடுவோம்.

நிற்க. பெட்டியிலுள்ள பலகைகள் வெட்டப்பட்டவையே ஆயினும், அவை தாமே படகாக மாட்டா என்பதை முதல் வாரத்திலேயே கற்றுக் கொண்டோம். பிலதெல்பியா தட்டையான அடியுடையது. ஏறக்குறைய 53 அடி நீளமும் 15 அடி அகலமும் உடையது. எமது அளவில் நீளம் 26 அங்குலத்திற்குச் சற்று மேல். அடிப்பலகைகளைச் சேர்த்து ஒட்டி, அவற்றின்மேல் வங்குகளை நிறுத்தியது வரையில் எல்லாம் எளிதாகவே நடந்தது. யாம் பெருமிதங் கொண்டோம். பின்னர் பக்கப் பலகைகளை வளைக்கப் புகுந்தோம். பெருமிதம் அன்றிரவே நீங்கிற்று. முதற் பலகை வெந்நீரில் ஊறியும் அணியத்தின் வளைவில் 'படீர்' என முறிந்தது. இரண்டாவது வளைந்தது, ஆயினும் வங்குகளின் விளிம்பை மட்டும் தொட்டுக்கொண்டு, இடையில் விரல் நுழையும் இடைவெளி காட்டி நின்றது. அதனைப் பொருட்படுத்தாது ஒரு பக்கம் முழுவதையும் ஒட்டி முடித்துவிட்டு உறங்கச் சென்றோம். காலையிற் பார்க்க, படகு வாதநோய் கொண்டார் போல ஒருபுறமாக முறுக்கிக் கிடந்தது.

அப்போதுதான் எம் அறையின் மூன்றாம் தோழர், அதுவரை 'எனக்கு இதிலெல்லாம் விருப்பமில்லை' என்று புத்தகமும் கையுமாகக் கட்டிலில் அமர்ந்திருந்தவர், எழுந்து வந்தார். ஒன்றும் பேசாமல், ஒட்டிய பலகைகளை வெந்நீர்த் துணியால் நனைத்து ஒவ்வொன்றாக எடுத்தார். வங்குகளின் விளிம்புகளைப் பலகை செல்லும் போக்கிற்கு ஏற்ப உப்புத்தாளால் சாய்வாகத் தேய்த்தார். ஒரு பலகையை விளக்கிற்கு எதிரே பிடித்து, மரத்தின் நார் எத்திசையில் ஓடுகிறது என்று பார்த்து, அதனைத் திருப்பிப் போட்டு வளைத்தார், முறியவில்லை. இடப்பக்கம் ஒன்று ஒட்டினால் உடனே வலப்பக்கம் ஒன்று ஒட்டவேண்டும், இன்றேல் ஒருபக்க இழுப்பினால் உடல் திருகும் என்றார். துணி உலர்த்தும் கவ்விகளை விடுதி முழுவதும் சென்று இரந்து கொணர்ந்தோம். (இரண்டு நாட்கள் எம் விடுதியார் துணிகள் காற்றிற் பறந்ததற்குக் காரணம் இதுவே. ஈண்டு மன்னிப்புக் கோருகின்றோம்.)

'இவற்றையெல்லாம் எங்கே கற்றீர்?' என்று கேட்டோம். அவர் சிறிது நேரம் விடை கூறவில்லை. பின்னர், தம் தந்தையார் தச்சுத்தொழில் செய்பவர் என்றார். இரண்டாண்டுகளாக ஓரறையில் உறைகின்றோம். ஓரிலையில் உண்ணாத குறைதான். அவர் தந்தையார் 'மர வியாபாரம்' செய்கிறார் என்றே யாம் எண்ணியிருந்தோம். அவ்வாறு அவர்தாம் சொல்லியிருந்தார். முதலாண்டில் எவரோ, உளி பிடிப்போர் பிள்ளைகளெல்லாம் தமிழ் ஆனர்ஸ் படிக்க வந்துவிட்டனர் என்று வேடிக்கையாகப் பேசியது அவர் காதில் விழுந்திருந்ததாம். அன்று அதனைக் கேட்டு நகைத்தாருள் யாமும் இருந்தோமோ என்று எண்ணிப் பார்க்கின்றோம். இல்லையென்று உறுதியாகச் சொல்ல நா எழவில்லை. நாசரேத்தூர்த் தச்சரைக் காலையும் மாலையும் ஆலயத்திற் பாடித் துதிக்கும் கலாசாலையில், ஒரு தச்சருடைய மகன் அதனை மறைத்து வாழ நேர்ந்ததே! இவ்வெட்கம் அவருடையதன்று, எம்முடையது.

இஃதொருபுறமிருக்க, தமிழ் மாணாக்கர் என்ற முறையில் யாம் அடைந்த வெட்கம் வேறொன்றுண்டு. நாவாய், வங்கம், அம்பி, திமில் என்னும் சொற்களை யாம் பல பாடல்களிற் பயின்றுள்ளோம். பொருள் கேட்டால், 'ஒருவகை மரக்கலம்' என எழுதி மதிப்பெண் பெறுவோம். ஒரு கலத்திற்கு எத்துணை உறுப்பு, எது எதனைத் தாங்கும் என்று எவரும் எம்மைக் கேட்டதில்லை; யாமும் கேட்டதில்லை. ஆங்கில வரைபடத்தின் சொற்களுக்குத் தமிழ்ச்சொல் தேடி அகராதியைப் புரட்டியபோது, ஏரா, அணியம், வங்கு, பருமல், கலப்பற்று என ஒன்றன்பின் ஒன்றாக எழுந்து வந்தன. அவற்றைக் கண்டு மகிழ்ந்து தோழரிடம் கூறினோம். அவரோ தம் ஊரில் இழைப்புளிக்கும் உளிக்கும் உள்ள வகைப்பெயர்களைச் சொல்லத் தொடங்கினார். எமது குறிப்பேட்டில் இரண்டு பக்கம் நிறைந்தது. அவற்றுட் சிலவற்றை அகராதியிலும் காணோம். உரையாசிரியர் ஒருவரின் வரியைப் பிரித்து, எச்சொல் எதனோடு முடியும் என்று நாள் முழுவதும் ஆராயும் எமக்கு, பலகை எதனோடு பொருந்தும் என்று ஆராய்தல் அயலான தொழிலன்று என்பதும் அப்போதே விளங்கிற்று. வரைபடமும் ஒரு நூலே. அதனைத் தவறாக உரைகண்டால் தேர்வாளர் திருத்தும்வரை காத்திராது; அன்றிரவே திருகிக்கொள்ளும்.

இனி, எம் பெருமதிப்பிற்குரிய ஆசிரியர் ஒருவர் எழுப்பிய வினாவிற்கு வருவோம். 'சமாதானத்தைப் போதிக்கும் கலாசாலையில் போர்ப்படகு எதற்கு? மீன்பிடி படகொன்றைக் கட்டலாகாதோ?' என்றார். இவ்வினா எளிதில் தள்ளத்தக்கதன்று. பிலதெல்பியா என்பது 'சகோதர சிநேகம்' எனப் பொருள்படும் கிரேக்கச் சொல் என்பதனை வேதாகமம் பயின்றார் அறிவர். நகரொன்றின் பெயர்தான் எனினும், அணியத்தில் 12 இராத்தல் குண்டெறியும் பீரங்கியும், பக்கங்களில் 9 இராத்தல் குண்டெறியும் பீரங்கிகள் இரண்டும் தாங்கிய படகுக்கு இப்பெயர் சற்றும் பொருந்தாது. பீரங்கிகளை உரிய இடத்தில் அமர்த்திய அன்று எம்முள்ளும் சிறுபிள்ளைக் களிப்பு எழுந்ததை மறைக்கமாட்டோம்.

ஆயினும் எம்மை நெடுநேரம் நிறுத்தியது பீரங்கியன்று, அடுப்பு. படகின் நடுவே செங்கல் அடுப்பொன்று உண்டு. அதன் கற்களை ஒவ்வொன்றாக அடுக்கி ஒட்டவேண்டும். ஒட்டிக் கொண்டிருக்கையில் ஒருவர் கணக்கிட்டார்: அப்படகில் இருந்தோர் 44 பேர். பீரங்கிகளும் குண்டுகளும் துடுப்புகளும் போக, எஞ்சிய இடத்தில் அவர்கள் உண்டு உறங்கினர். கூரையாகத் துணியே இருந்தது. வடநாட்டு அக்டோபர்க் குளிர் வேறு. படகின் மரமோ நன்கு உலராத பச்சை மரம். அவ்வாண்டுக் கோடையில், ஏரியின் தென்கோடியிலுள்ள ஸ்கீன்ஸ்பரோவில், உயர்ந்த கூலிக்கு வரவழைக்கப்பட்ட தச்சர்கள் அதனை விரைவில் கட்டித் தள்ளினர். அக்டோபர் 11-ஆம் நாள் வால்கூர்த் தீவின் அருகே பெனடிக்ட் ஆர்னால்டின் தலைமையில் அது போரிட்டது. 24 இராத்தல் குண்டொன்று உடலிற் பாய, அன்று மாலையே மூழ்கியது. அப்போரில் ஆர்னால்டின் படை தோற்றது. படகுகளிற் பெரும்பாலன அழிந்தன. ஆனால் அவ்வாண்டு ஆங்கிலேயர் மேலும் முன்னேறாது குளிர்காலத்திற்குக் கனடா திரும்பினர். அடுத்த ஆண்டு வந்த அவர்கள் படை, 1777 அக்டோபரில் சரட்டோகாவில் சரணடைந்தது. தோற்ற படகுகள் ஓராண்டை ஈட்டிக் கொடுத்தன எனலாம். அவற்றைச் செலுத்திய ஆர்னால்டோ 1780-இல் ஆங்கிலேயர் பக்கமே சேர்ந்துகொண்டார் என்பது வேறு கதை.

1935-இல் லாரென்சோ ஹாக்லண்டு என்பார் ஏறக்குறைய 60 அடி ஆழத்தினின்றும் அப்படகை மேலே எடுத்தார். குளிர்ந்த நன்னீராதலின், 159 ஆண்டுகள் கழிந்தும் மரம் கெடவில்லை. பாய்மரம் நிமிர்ந்தே நின்றதாம். உள்ளே சமையற் கலங்களும், கருவிகளும், சட்டைப் பொத்தான்களும், மனித எலும்புகளும் இருந்தன. இப்போது அப்படகு வாஷிங்டன் நகரில் ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் அருங்காட்சியகத்தில் உள்ளது. இவற்றையெல்லாம் படித்துக்கொண்டே அடுப்புக் கற்களை ஒட்டியவருக்குப் போரின்மேல் ஆசை பெருகுமென யாம் கருதவில்லை. ஆசிரியர் பெருமானுக்கு எமது விடை இவ்வளவே. மீன்பிடி படகையும் கட்டுவோம். யாராயினும் பெட்டியொன்று அனுப்புவாராக.

ஒன்று வேண்டிக் கொள்கின்றோம். விடுதியின் பின்புறத்தில் உடைந்த நாற்காலிகள் அடைத்துக் கிடக்கும் அறையொன்று உளது. நீண்ட மேசையும் அங்கேயே இருக்கின்றது. அதனைத் தூய்மை செய்து, மாலைவேளையில் இரண்டு மணி நேரம் திறந்துவிட்டால், கருவிகளுக்கு ஆகும் செலவை யாமே தண்டித் தருவோம். பயிற்றுவதற்கு எம் தோழரின் தந்தையாரை வாரம் ஒருநாள், உரிய ஊதியம் கொடுத்து, ஆசிரியர் என்ற பெயராலேயே அழைக்க வேண்டும். இப்பெயரில் யாம் பிடிவாதமாக இருப்பதன் காரணத்தை இதுவரை படித்தார் அறிவர். தேர்வுகள் கெடும் என்று அஞ்சுவார்க்கு ஒன்று கூறுவோம்: படகு கட்டிய மூவருள் எவரும் அரையாண்டுத் தேர்வில் கீழிறங்கவில்லை. ஒருவர் இலக்கணத்தில் சிறிது குறைந்தார், அது யாமே. ஆனால் அதற்குப் படகு காரணமன்று.

இறுதியில் எம்முள் ஒரு பிணக்கு எழுந்தது. மார்ச்சுத் திங்களில் பாய் கட்டி, பக்கங்களில் துப்பாக்கிக் குண்டுகளைத் தடுக்க வைத்திருந்த விறகுக் கட்டுகளுக்குப் பதிலாகத் தென்னை ஈர்க்குகளைச் சீவிக் கட்டி வைத்தபின், அந்த 24 இராத்தல் குண்டு பாய்ந்த துளையையும் காட்டவேண்டும் என்றோம் யாம். அருங்காட்சியகத்தில் உள்ள படகும் அவ்வாறே குண்டோடு காட்சியளிப்பதாதலின், துளையின்றேல் வரலாறு குறையும் என்பது எமது வாதம். துரப்பணத்தையும் எடுத்துவிட்டோம். தோழர் எம் கையைப் பிடித்துக் கொண்டார். 'கட்டினவர்கள் துளையோடு கட்டவில்லையே' என்றார்.

துளையிடவில்லை. படகு எமது அறையின் சன்னலோரத்தில் இருக்கின்றது. பார்க்க விழைவார் மாலை ஐந்து மணிக்குமேல் வரலாம்; பாய்மரத்தை மட்டும் தொடாதிருக்க வேண்டுகின்றோம், பசை இன்னும் முற்றும் காயவில்லை.