பல்பு போனால் மீட்டரையே மாற்றுவதா?

இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் 1998 முதல் கார் செய்கிறது. ஒரகடத்தில் ரெனோ-நிசான் 2010-இல் தொடங்கியது. ஸ்ரீபெரும்புதூரைச் சுற்றி எந்தச் சாலையில் நின்றாலும் புதுக் கார்களை ஏற்றிக்கொண்டு லாரி போகிறது. இப்படிப்பட்ட ஊரில், மீட்டருக்குள் அணைந்துபோன ஒரு சின்ன பல்பை மாற்றித் தர சர்வீஸ் சென்டருக்கு மனமில்லை.

என் வண்டிக்கு வயது இருபது. அது மேற்சொன்ன இரண்டு இடத்திலும் பிறந்ததல்ல. கம்பெனி பெயர் வேண்டாம். ஒருநாள் மீட்டரில் பாதி இருண்டது, அடுத்த வாரம் முழுதும் இருட்டு. சர்வீஸ் சென்டர் தம்பி கம்ப்யூட்டரைத் தட்டிப் பார்த்துவிட்டு, "பல்பு தனியா வராது சார், மீட்டர் அசெம்பிளியே மாத்தணும்" என்றார். எஸ்டிமேட் பதினோராயிரம் சொச்சம். பியூஸ் பார்த்தீர்களா என்று கேட்டேன். பார்க்கவில்லை.

பழைய வண்டி வைத்திருப்பவர்கள் இதைத் தெரிந்துகொள்ளுங்கள். பல வண்டிகளில் பார்க்கிங் லைட்டுக்கும் மீட்டர் விளக்குக்கும் ஒரே பியூஸ்தான். இரண்டும் சேர்ந்து எரியாவிட்டால் முதலில் பியூஸைப் பாருங்கள். பின்விளக்கு எரிந்து மீட்டர் மட்டும் இருட்டாக இருந்தால், வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் திருகை யாராவது குறைத்துவிட்டார்களா என்று பாருங்கள். அதுவும் இல்லையென்றால் பல்பு. நகத்தளவுதான் இருக்கும், 12 வோல்ட், ஓரிரு வாட். மீட்டரின் பின்புறம் பிளாஸ்டிக் ஹோல்டரைக் கால் சுற்று திருகினால் கையோடு வந்துவிடும். எல்.இ.டி. போடுவதாக இருந்தால் பிளஸ், மைனஸ் மாறினால் எரியாது; திருப்பிப் போட்டால் எரியும்.

வாலாஜாபாத் சாலையில் ஓர் ஆட்டோ எலக்ட்ரீஷியன் முக்கால் மணி நேரத்தில் முடித்துக் கொடுத்தார். கூலியும் பல்பும் சேர்த்து 350 ரூபாய்.

பணம் மட்டும் பிரச்சினை இல்லை. அந்தக் காலத்து டிஜிட்டல் மீட்டர்கள் பலவற்றில் ஓடிய கிலோமீட்டர் கணக்கு மீட்டருக்குள்ளேயே இருக்கும். புது மீட்டர் போட்டால் வண்டியின் சரித்திரமே போச்சு. விற்கப் போனால் நம்மைத்தான் திருடனைப் போலப் பார்ப்பார்கள். செலவுக்குப் பயந்து இருட்டு மீட்டரோடு ஓட்டுகிறவர்களும் உண்டு. கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே ராத்திரியில் வேகமும் தெரியாமல், டீசல் எவ்வளவு இருக்கிறது என்றும் தெரியாமல் போவது என்ன பிழைப்பு?

இது என் ஒருவன் புலம்பல் அல்ல. உதிரி பாகங்களை வெளிச்சந்தையில் கிடைக்கவிடாமல் செய்ததற்காக 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் கம்பெனிகளுக்கு 2,544 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. கம்பெனிகள் அப்பீலுக்குப் போயின. 2022 டிசம்பரில் மத்திய அரசு 'பழுது நீக்கும் உரிமை' என்று ஓர் இணையதளமே தொடங்கியது, அதில் கார்களும் அடக்கம். கவுன்டரில் மட்டும் இன்னும் அதே "தனியா வராது"தான்.

நான் புதுச்சேரியில் பிரெஞ்சில் படித்தவன். டாஷ்போர்டை நாங்கள் 'தப்லோ தெ போர்' என்போம். அந்த நாட்டில் 2017 முதல் சட்டம்: குறிப்பிட்ட சில வகைப் பாகங்களுக்கு, பழைய வண்டியில் கழற்றிய நல்ல பாகமும் போடலாம், வேண்டுமா என்று பட்டறைக்காரர் வாடிக்கையாளரைக் கேட்க வேண்டும். நம்மிடம் புதுப்பேட்டையே இருக்கிறது. ஆனால் அந்தப் பெயரைச் சொன்னாலே சர்வீஸ் சென்டரில் முகம் சுளிக்கிறார்கள்.

முப்பத்தைந்து வருஷ குமாஸ்தா வேலையில், காரணம் எழுதாத செலவுக் கோப்பை நான் மேலே அனுப்பியதில்லை. அதே விதி இவர்களுக்கும் வேண்டும். எதையெதைச் சோதித்தோம், அசெம்பிளி ஏன் மாற்ற வேண்டும் என்று எஸ்டிமேட்டிலேயே எழுதட்டும். பல்புக்கும் ஹோல்டருக்கும் தனி விலை போடட்டும். நீங்களும் எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள். நான் கேட்டேன். மேனேஜர் சாப்பிடப் போயிருக்கிறார் என்றார்கள். அப்போது மணி காலை பதினொன்று.